தரம் 7, 8 பிள்ளைகளுக்கு உயிர்ப்பல்வகைமை: பாடசாலை மதிலுக்குள்ளேயே நேரில் காட்ட என்ன வழி?

நெட்டிலிங்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 7, 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயிர்ப்பல்வகைமை என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணம் உடனே வரும். சிங்கராஜ வனம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது என்பதும் மனப்பாடம். ஆனால் இடைவேளையில் எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், அது என்ன மரம் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அதில் கூடு கட்டியிருக்கும் காகத்தின் கழுத்து என்ன நிறம் என்றாலும் அதே அமைதிதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாடிவீட்டிலிருந்து ஸ்கூல் வானில் ஏறி வந்து, அதே வானில் திரும்பி, நேரே ரியூசனுக்குப் போகிற பிள்ளை எங்கே நின்று எதைப் பார்ப்பது?

வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒரு பாடவேளை 40 நிமிடம். வெளியே கூட்டிப் போவதென்றால் அதிபர், வலயக் கல்விப் பணிமனை, பெற்றோர் என்று எல்லோரிடமும் அனுமதி வாங்கவேண்டும், பஸ் காசும் தேடவேண்டும். வருடத்தில் ஒருமுறை நடந்தாலே பெரிய விஷயம். எங்களிடம் இருப்பது சிறிய மைதானம், மதிலோரம் சில மரங்கள், பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடி. இவற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கையால் தொட்டு, எண்ணி, எழுதிப் படிக்க என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரநிலத்தான்

நல்ல கேள்வி டீச்சர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொழும்புப் பிள்ளைக்கு இயற்கை என்றால் சிங்கராஜ, யால என்று தூரத்தில் இருப்பதாகவே நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் மாநாட்டில் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் உலகில் 18 நகரங்களுக்குக் கிடைத்தது. அவற்றில் கொழும்பும் ஒன்று. இதைத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் வசிக்கிற நகரத்துக்குக் கிடைத்த பெயர் இது.

கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தலவத்துகொடையில் தியசருப் பூங்காவும் பிள்ளைகள் நடக்கவென்றே பாதை போட்ட இடங்கள். காலை வேளையில் போனால் நீலத் தாழைக்கோழி, மிதக்கும் இலைமேல் கால் வைத்து நடக்கிற தாமரைக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி, கபரகொய்யா எல்லாம் அநேகமாகப் பார்க்கலாம். மீன்பிடிப் பூனை இரவில்தான் நடமாடும். அது இந்த நகரத்துச் சதுப்புகளில் வாழ்கிறது என்பதைத் தானியங்கிக் கமெராக்கள் காட்டியிருக்கின்றன. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு, பாராளுமன்றம் இருக்கிற பகுதியிலேயே மீன் பிடித்துத் தின்கிறது என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் கண் விரியாது?

ஆனால் அங்கே முதலில் போகாதீர்கள். கடைசியில் போங்கள். வருடத் தொடக்கத்திலேயே கூட்டிப் போனால் ஓடி விளையாடி, சாப்பிட்டுவிட்டு வருவார்கள். தங்கள் பாடசாலையில் பார்த்து, எழுதிப் பழகிய கண்ணோடு போனால் அதே பிள்ளை அங்கே நின்று பார்க்கும்.

கொட்டாஞ்சேனை அம்மா

நான் ஆசிரியை இல்லை, தரம் 8 படிக்கிற மகனின் அம்மா. எனக்கு இரண்டு பயம். ஒன்று டெங்கு, மற்றது எலிக்காய்ச்சல். போன மழைக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் டெங்கு. இந்த நேரத்தில் பிள்ளைகளைப் புல்லுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இறக்குவது எவ்வளவு சரி? பயிற்சிப் பொத்தகம், தவணைப் பரீட்சை, ஓ.எல். என்று ஏற்கெனவே ஓட்டம். இதில் பூச்சி எண்ணுவதற்கு நேரம் எங்கே? பிள்ளைகள் இதைப் படிக்கவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஈரநிலத்தான்

அம்மா, இரண்டு பயமும் நியாயமானவைதான். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் கையில் உள்ள சிறு காயம் வழியாக உடம்புக்குள் வரும். அதனால் எங்கள் கால்வாய்களுக்குள் பிள்ளைகளை இறக்கவே கூடாது. வெள்ளவத்தைக் கால்வாயோ கிருலப்பனைக் கால்வாயோ, பாலத்தின் மேல் நின்று பார்த்தால் போதும். கொக்கு, நீர்க்காகம், கபரகொய்யா எல்லாம் பாலத்திலிருந்தே தெரியும். மூடிய சப்பாத்து, முழுக்கால்சட்டை, வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது என்பவை கட்டாயம்.

விலங்கியல்_பழையமாணவன்

டெங்கைப் பற்றி நான் எழுதுகிறேன். டெங்கு பயத்தைப் பாடத்துக்கு எதிராக வைக்காமல் பாடமாகவே எடுக்கலாம்.

எல்லாப் பாடசாலையிலும் டெங்குச் சிரமதானம் நடக்கிறது. சிரட்டை, தயிர்ச்சட்டி, பூச்சாடித் தட்டு என்று தேடுகிறோம். அப்போது குடம்பி (நுளம்பின் புழு) இருக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி, வகுப்பில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் குடம்பி நீர்மட்டத்தில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். பின்புறத்தில் மூச்சுக்குழல் இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கும். முட்டையிலிருந்து நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிப்பதால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிடச் சொல்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டில் பூச்சாடித் தட்டைத் தானாகவே கவிழ்க்கும். பார்த்து முடிந்ததும் அன்றே அந்தத் தண்ணீரை வெயில் படும் தரையில் ஊற்றிவிடவேண்டும். போத்தலை அடுத்த நாளுக்கு வைக்கவே வேண்டாம்.

சரி, டீச்சரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு மீற்றர் சதுரம் செய்யுங்கள். நாலு பி.வி.சி. குழாய், இல்லாவிட்டால் நாலு தடியும் கயிறும். குழுவுக்கு ஒன்று. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டு, சீட்டுக் குலுக்கி எந்தக் கட்டம் என்று தீர்மானிக்கவேண்டும். இது முக்கியம். இல்லாவிட்டால் பிள்ளைகள் பூ இருக்கிற இடத்திலேயே சதுரத்தை வைப்பார்கள், முடிவும் பிழைக்கும். உள்ளே எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணட்டும். பெயர் தெரியவேண்டியதில்லை. செடி அ, செடி ஆ என்று பெயர் வைத்து, இலையை வரைந்து, பூ நிறம், தண்டில் முள் உண்டா என்று எழுதினால் போதும். தொட்டாற்சிணுங்கி, கீழ்க்காய்நெல்லி, அறுகம்புல், வல்லாரை என்று சிலது அவர்களே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் வல்லாரைச் சம்பல் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது காலடியில் கிடக்கிறது என்பது பெரிய செய்தி.

ஒவ்வொரு சதுரத்திலும் புதிதாக எத்தனை வகை கிடைத்தது என்று கூட்டிக்கொண்டே போய் வரைபு போடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கோடு வேகமாக ஏறும், பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகும். எத்தனை சதுரம் பார்த்தால் போதும் என்று வரைபைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். அப்புறம் புல் வெட்டும் ஐயாவிடம் ஒரு மூலையை மட்டும் ஒரு தவணைக்கு வெட்டாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். தவணை முடிவில் இரண்டு மூலைகளையும் ஒப்பிடலாம். கணிதம், விஞ்ஞானம் இரண்டும் ஒன்றாக வந்துவிடும். கொட்டாஞ்சேனை அம்மா கேட்ட நேரத்துக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது.

மட்டக்குளி_மிஸ்

எங்கள் பாடசாலையில் புல்லே இல்லை. சீமெந்துத் தரை, உயர்ந்த மதில், ஒரே ஒரு மாமரம். சதுரம் எங்கே வைப்பது? மைதானம் உள்ள பாடசாலைகளுக்கு மட்டும் யோசனை சொன்னால் எங்கள் பிள்ளைகள் எப்போதும் வெளியில்தான் நிற்பார்கள்.

விலங்கியல்_பழையமாணவன்

மிஸ், மதிலையே எடுங்கள். மழை வடிகிற பக்கத்தில் பாசி இருக்கும், காய்ந்த பக்கத்தில் வெள்ளையும் சாம்பலுமாய் இலைக்கன் (அல்காவும் பங்கசும் சேர்ந்து வாழும் படை) இருக்கும். வெடிப்பில் பன்னமும் ஒரு சிறு அரசமரக் கன்றும் அநேகமாக முளைத்திருக்கும். அந்த விதை அங்கே எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பறவை, பழம், எச்சம் என்று கதை நீளும். பல்லி, பாயும் சிலந்தி, எறும்பு எல்லாம் மதிலில் குடியிருப்பவைதான்.

எறும்புக்கு ஒரு சோதனை. மூன்று கடதாசித் துண்டுகளில் சீனி, பிஸ்கட் தூள், கொஞ்சம் ரின் மீன். கால் மணித்தியாலம் கழித்து எந்தத் துண்டில் எத்தனை எறும்பு, எத்தனை வகை என்று எண்ணுங்கள். காலையில் ஒருமுறை, வெயில் ஏறியபின் ஒருமுறை. எந்த எறும்பு முதலில் வந்தது, எந்தக் கூட்டம் மற்றதை விரட்டியது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு சொல்வார்கள். மாமரத்தில் முசுறு இருந்தால் இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டுவதையும் காட்டுங்கள். தள்ளி நின்றுதான், கடித்தால் சுள்ளென்று இருக்கும்.

இலைக்கன் பற்றி இன்னொன்று. அது காற்று மாசுக்கு மிகவும் உணர்வுள்ளது. காலி வீதி ஓரத்து மரப்பட்டையையும் விகாரமகாதேவிப் பூங்காவின் உள்ளே இருக்கும் மரப்பட்டையையும் ஒப்பிட்டு, கையளவு இடத்தில் எத்தனை வகை என்று பார்க்கலாம். அங்கே போகும்போது தலைக்கு மேலே பார்க்கவும் சொல்லுங்கள், பகலில் பெரிய வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும்.

ஓய்வுபெற்ற சேர்

நான் சொல்வது ஒன்றுதான் டீச்சர். கொப்பி. கோடு போடாத கொப்பி, பென்சில். ஒவ்வொரு வாரமும் ஒரே மரம், ஒரே கிளை, ஒரே நேரம். கொட்டம்பா மரம் இருந்தால் அதுவே போதும். இலை சிவந்து விழுவது, புதுத்தளிர் வருவது, பூ, காய், வௌவால் சாப்பிட்டுப் போட்ட கொட்டை என்று வருடம் முழுவதும் அது பாடம் நடத்தும். வரைகிற பிள்ளைக்கு நரம்பு எதிரெதிராகப் போகிறதா, மாறி மாறிப் போகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். புகைப்படம் எடுக்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

காகத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். கொழும்பில் எங்கு பார்த்தாலும் இருப்பது கழுத்து சாம்பலாக உள்ள வீட்டுக்காகம். முழுக் கறுப்பாக, பெரிய அலகோடு வருவது அண்டங்காகம். இரண்டையும் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். குப்பை எடுக்கும் நாளில் எத்தனை, எடுக்காத நாளில் எத்தனை என்று பார்த்தால் அந்தக் கணக்கு ஊரின் கதையைச் சொல்லும். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்று பொத்தகத்தில் படித்ததை, குயில் குஞ்சுக்குக் காகம் ஊட்டும்போது நேரில் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

தெகிவளை_ஃபஹீம்

சேர் சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஃபோனை முழுக்க ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2008இல் பேர்க்லியில் மாணவர்கள் செய்த ஒரு ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் இன்று உலகெங்கும் மக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிகிறார்கள், விஞ்ஞானிகளும் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். தங்கள் மதிலில் பார்த்த சிலந்தி அங்கே ஒரு பதிவாக நிற்கும் என்றால் பிள்ளைக்கு அது மரியாதை.

13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகவே அங்கே கணக்குத் திறக்க முடியாது. தரம் 7 பிள்ளைகளுக்கு 12 வயதுதானே. அதனால் ஆசிரியரின் ஃபோன் ஒன்றே போதும், கணக்கு ஆசிரியருடையது. பிள்ளைகளின் முகம் படத்தில் வரக்கூடாது. அதே குழுவினர் செய்த சீக் என்ற செயலிக்குக் கணக்கே வேண்டாம்.

ஓய்வுபெற்ற சேர்

ஃபஹீம் தம்பி, வரிசையை மாற்றினால் எனக்குச் சம்மதம். முதலில் பிள்ளை பார்த்து, வரைந்து, இது இன்னதாக இருக்கலாம் என்று எழுதட்டும். அதற்குப் பிறகு ஃபோனைக் கேட்கட்டும். ஃபோன் சொன்னது தன் படத்தோடு பொருந்துகிறதா என்று பிள்ளைதான் தீர்ப்புச் சொல்லவேண்டும். இந்தச் செயலிகள் பூச்சிகளிலும் புற்களிலும் அடிக்கடி தடுமாறும்.

தெகிவளை_ஃபஹீம்

சரி சேர், அப்படியே செய்யலாம்.

கறிவேப்பிலை அக்கா

டீச்சர், நீங்கள் பின்பக்கம் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது என்று எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து அதுதான்!

கறிவேப்பிலை, தேசி, தோடை எல்லாம் ஒரே குடும்பம். அந்த இளந்தளிரில் வண்ணத்துப்பூச்சி வந்து உருண்டையான சிறு முட்டை இடும். வெளிவரும் புழு முதலில் பறவையின் எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், எதிரியை ஏமாற்ற. வளர்ந்தபின் இலைப் பச்சைக்கு மாறிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு மணமும் வரும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு தவணைக்குள் முழு வாழ்க்கை வட்டத்தையும் பார்த்துவிடலாம். உங்கள் பெயரிலேயே உள்ள நெட்டிலிங்கம் மதிலோரம் இருந்தால், அதன் தளிரில் வேறொரு இனத்தின் புழு இருக்கும். அரளியில் வேறு, எருக்கலையில் வேறு. எந்தச் செடிக்கு எந்தப் புழு என்று பிள்ளைகள் அட்டவணை போடத் தொடங்கினால், ஒரு செடியை வெட்டினால் எது இல்லாமல் போகும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

சில கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவிகள் வரும். பிள்ளைகள் அழுவார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். குளவி புழுவுக்குள் முட்டையிட்டது, அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் கறிவேப்பிலையில் ஒரு இலையும் மிஞ்சாது என்று அன்றைக்குப் பேசலாம்.

வனசீவி_வாசகன்

இங்கே ஒரு எச்சரிக்கை போடவேண்டும். புழுவைப் பெட்டியில் அடைத்து வகுப்பில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் பல உயிரினங்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. எது பாதுகாக்கப்பட்டது, எது இல்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. அதனால் வகுப்புக்கு ஒரே விதி போதும்: எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பார்ப்பது அது இருக்கும் இடத்திலேயே.

கறிவேப்பிலை அக்கா

நானும் அதைத்தான் சொல்கிறேன். செடியிலேயே, கிளையில் ஒரு வலைத்துணிப் பையைத் தளர்வாகக் கட்டினால் போதும். வண்ணத்துப்பூச்சி வந்த அன்றே திறந்துவிடவேண்டும்.

வனசீவி_வாசகன்

அப்படியென்றால் சரி. இதோடு சேர்த்து வெளியிலிருந்து வந்த இனங்களையும் பேசுங்கள், கொழும்பில் அதற்குச் சாட்சி நிறைய. ஆகாயத்தாமரை அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அது பரவிய வேகத்தைப் பார்த்து 1909லேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட்டார்கள். சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு, படிப்பிப்பதற்காக வந்தது. அங்கிருந்து வெளியேறி நாடெங்கும் குளம், வயல், வாய்க்கால்களை மூடியது. படிப்பிக்கக் கொண்டுவந்த செடி இப்படிச் செய்தது என்று கேட்கும் பிள்ளை, மீன்தொட்டியைக் காலி செய்யும்போது ராங் கிளீனர் மீனையும் சிவப்புக்காது ஆமையையும் கால்வாயில் விடுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கும்.

வெள்ளவத்தை_கடலோரம்

கடலை மறந்துவிட்டீர்களே! ரயில் பாதையைக் கடப்பதுதான் ஆபத்து, அதற்குப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் நிற்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், அப்போது வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம். அலைதடுப்புக் கற்களில் கொட்டலசு, மட்டி, நத்தை, கல்நண்டு என்று கீழிருந்து மேலே அடுக்கடுக்காக வாழ்வது தெரியும். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்தச் சின்ன உயரத்துக்குள் யார் வெயிலைத் தாங்குவார், யாருக்கு எப்போதும் நீர் வேண்டும் என்று இடம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. அளவுகோலை வைத்து ஒவ்வொரு பத்துச் சென்ரிமீற்றருக்கும் என்ன இருக்கிறது என்று எழுதலாம், கல்லில் ஏறாமல்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தபோது கரைக்கு வந்த பிளாஸ்ரிக் குருணைகளை நான் கண்ணால் பார்த்தேன், மனம் உடைந்தது. மணலை அரித்துக் குருணை தேடுவதையும் ஒரு வேலையாகக் கொடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு.

கொட்டாஞ்சேனை அம்மா

எல்லாவற்றையும் வாசித்தேன். கையுறை, சப்பாத்து, அனுமதிக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தால் நான் என் மகனை அனுப்புவேன். கூட வரவும் தயார். பரீட்சை பற்றிய கவலை மட்டும் முழுதாகப் போகவில்லை. புள்ளி குறைந்தால் பிள்ளையிடம் கேள்வி கேட்பது வீட்டில் உள்ளவர்கள்தான், இந்த இழையில் உள்ளவர்கள் இல்லை.

நெட்டிலிங்கம் (இழையைத் தொடங்கியவர்)

அம்மா சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன். அதனால் தனியாக நேரம் கேட்கப் போவதில்லை. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள தாவரப் பாகுபாடு, உணவுச்சங்கிலி, வாழ்க்கை வட்டம் ஆகிய பாடவேளைகளையே வெளியே நடத்துகிறேன். வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சதுரம், ஒரு கொப்பி. கறிவேப்பிலைச் செடிக்கு ஒவ்வொரு குழுவும் முறை வைத்துப் போகும். முதல் தவணை மைதானம், இரண்டாம் தவணை கறிவேப்பிலையும் மதிலும், மூன்றாம் தவணையில் அனுமதி கிடைத்தால் பெத்தகான. அதிபரிடம் இன்று பேசினேன், புல் வெட்டாமல் விட மதிலோரத்தில் ஒரு மூலை தந்திருக்கிறார். மட்டக்குளி மிஸ், எறும்புச் சோதனையை ஒரே வாரத்தில் இரண்டு பாடசாலையிலும் செய்து எண்ணிக்கைகளை மாற்றிக்கொள்ளலாமா? உங்கள் சீமெந்துத் தரையையும் எங்கள் புல்தரையையும் பிள்ளைகளே ஒப்பிடட்டும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கைவில்லை ஆறேழு வேண்டும். விலை குறைவாக எங்கே எடுக்கலாம்?

மட்டக்குளி_மிஸ்

கட்டாயம் செய்வோம், எங்களுக்குச் செவ்வாய் இரண்டாம் பாடவேளை வசதி. ரின் மீன் எந்த வகை, எவ்வளவு என்பதை மட்டும் முதலே பேசி ஒரே மாதிரி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

ஓய்வுபெற்ற சேர்

புறக்கோட்டையில் மூக்குக்கண்ணாடி, கடிகாரம் திருத்தும் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள் டீச்சர். பத்து மடங்கு பெருக்குகிற மடக்குவில்லை கிடைக்கும். வாங்கும்போது கண்ணுக்கு அருகில் வைத்து, பார்க்கும் பொருளை வில்லையை நோக்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சோதித்து எடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும். என்னிடம் பழையது நாலு இருக்கிறது, தனிமடல் போடுங்கள், தருகிறேன்.